கவர்னர் தேர்தலை விட்டுவிடாதே

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது.

போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "இந்த வருஷம் கவர்னர் தேர்தல்தானேம்மா, 2028-ல் அதிபர் தேர்தல் வரும்போது ஓட்டுப் போட்டுக்கொள்கிறேன்" என்றாய். அதே பேச்சில், மேடிசன் வீட்டுக்குச் சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாய். இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் வேறு பேச்சு வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நமக்கு ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பி வைப்பவர். அமெரிக்காவில் உங்கள் விஸ்கான்சின் மாநிலக் கவர்னர் கிட்டத்தட்ட நம் முதலமைச்சர் மாதிரி. ஆனால் சட்டமன்றத்தின் தயவில் நாற்காலியில் இருப்பவர் இல்லை. மக்கள் நேரே ஓட்டுப் போட்டு நான்கு வருடத்துக்கு உட்கார வைக்கிறார்கள். சட்டமன்றம் முழுக்க எதிர்க்கட்சி கையில் இருந்தாலும் அவர் பதவிக்கு ஒன்றும் ஆகாது. அவர் மறுத்த மசோதாவை மீண்டும் நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேண்டும்.

விஸ்கான்சினில் இதற்கும் மேலே ஒரு அதிகாரம் உண்டு. பணம் ஒதுக்கும் மசோதா வந்தால் முழுதாக ஏற்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை. வேண்டாத பகுதியை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தில் கையெழுத்துப் போடலாம். 2023 பட்ஜெட்டில் என்ன நடந்தது என்று பார். பள்ளி மாவட்டங்கள் மாநில உதவியாகவும் சொத்து வரியாகவும் மொத்தம் எவ்வளவு திரட்டலாம் என்று ஒரு மேல்வரம்பு இருக்கிறது. அதை மாணவருக்கு 325 டாலர் வீதம் இரண்டு கல்வியாண்டுகளுக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்று சட்டமன்றம் எழுதியிருந்தது. கவர்னர் டோனி எவர்ஸ் பேனாவை எடுத்து, 2024-25 என்று இருந்ததில் முன்னால் இருந்த 20-ஐயும் நடுவில் இருந்த சிறு கோட்டையும் அடித்தார். மிஞ்சியது 2425! இரண்டு வருட ஏற்பாடு இன்னும் நானூறு வருடத்துக்கு, வருடா வருடம் 325 டாலர் என்று ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றமும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அது செல்லும் என்றது.

மாநில அரசு தன் பங்கைக் கூட்டாவிட்டால் அந்த 325-ஐப் பள்ளி மாவட்டம் சொத்து வரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். உனக்கு டிசம்பரில் வரும் வரிச் சீட்டில் இதுவும் சேர்ந்திருக்கிறது.

எவர்ஸ் பள்ளி ஆசிரியராக இருந்து மாநிலக் கல்வித் துறைத் தலைவராக உயர்ந்தவர். பள்ளிக்குப் பணம் வேண்டும் என்று அவர் நினைத்ததை நானும் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் முழுதாகப் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் ஒரு உறுப்பினர்கூடக் கை தூக்காத ஒன்று சட்டமாவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு முன்னால் இருந்த ஸ்காட் வாக்கர் எதிர்க்கட்சிக்காரர், அவரும் 2017-ல் இதையேதான் செய்தார். டிசம்பர் 31, 2018 என்ற தேதியில் இரண்டு எண்களை அடித்து டிசம்பர் 3018 ஆக்கிவிட்டார். யார் கையில் அந்தப் பேனா இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

வாக்கரைப் பற்றி நீ இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 ஜனவரியில் பதவிக்கு வந்தார், மார்ச்சில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆசிரியர்கள் முதலான பெரும்பாலான அரசு ஊழியர்களின் சங்கங்கள் இனி அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டும்தான் பேரம் பேசலாம், அதுவும் விலைவாசி ஏற்றத்துக்குள். சங்கம் நீடிக்க வேண்டுமா என்று வருடா வருடம் ஓட்டெடுப்பு வேறு. போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் மட்டும் விலக்கு. கூட்டத்துக்கு ஆள் போதாமல் செய்து மசோதாவைத் தடுக்க, சட்டமன்ற மேலவையின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பதினான்கு பேர் பக்கத்து மாநிலமான இல்லினாய்க்கே போய்விட்டார்கள். போன கோடையில் சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டே சுற்றி வந்தோமே, அந்த கேபிடல் என்னும் சட்டமன்றக் கட்டடத்துக்குள் மக்கள் இரவும் பகலும் தங்கிப் போராடினார்கள். 2003-ல் இங்கே தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் லட்சக்கணக்கில் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கப்பட்டதைப் பார்த்தவள் நான். அதனால் இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

வாக்கரைப் பதவிக்காலம் முடிவதற்குள்ளேயே தேர்தல் வைத்து இறக்க ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 2012 ஜூனில் தேர்தல் நடந்தது, அதிலும் அவரே ஜெயித்தார். கடைசியில் 2018-ல் எவர்ஸிடம் தோற்றபோது வித்தியாசம் சுமார் 29,000 ஓட்டு. அதற்கு அடுத்த மாதமே, புதியவர் பதவி ஏற்பதற்குள், கவர்னரின் சில அதிகாரங்களைக் குறைக்கும் சட்டங்களைச் சட்டமன்றம் அவசரமாக நிறைவேற்றியது, வாக்கரும் கையெழுத்திட்டார். உப்புச்சப்பில்லாத பதவியாக இருந்தால் இத்தனை அவசரம் எதற்கு?

எல்லாம் கவர்னர் நினைத்தபடி நடந்துவிடாது என்பதும் உண்மை. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்க எவர்ஸ் பட்ஜெட்தோறும் கேட்டார், சட்டமன்றம் ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டது. அதனால் உறுப்பினர் தேர்தலையும் சேர்த்தே பார்.

உங்கள் பக்கத்து இல்லினாயில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாநிலச் சட்டப்படி விதித்த மரண தண்டனையை அதிபராலும் குறைக்க முடியாது. அங்கே மரண தண்டனை பெற்ற பதிமூன்று பேர் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்கள் என்று தெரிய வந்ததும், அந்தத் தண்டனையை முன்பு ஆதரித்த கவர்னர் ஜார்ஜ் ரயன் 2000-ல் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார். 2003 ஜனவரியில், பதவி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, 167 பேரின் தண்டனையைக் குறைத்தார். பிறகு அவரே ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார், அது வேறு கதை. ஆனால் அந்த 167 உயிர்கள் அவர் கையெழுத்தில் இருந்தன.

அதிபர் பதவிக்கும் பாதை இப்படித்தான் போகிறது. கார்ட்டர், ரீகன், கிளின்டன், இளைய புஷ் என்று நான்கு பேரும் முன்பு கவர்னர்களாக இருந்தவர்கள்.

எவர்ஸ் இந்தத் தடவை நிற்கவில்லை, ஆகவே இரண்டு கட்சியிலும் புது ஆள்தான். 2026 ஆகஸ்ட் 11 அன்று, கட்சிகளின் வேட்பாளர் யார் என்று மக்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், நவம்பர் 3 அன்று பொதுத் தேர்தல். முதற்கட்டத்துக்கு நீ எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. ஒரு கட்சியின் பட்டியலில் மட்டும் குறித்தால் போதும். பெயர் பதியாமல் விட்டிருந்தாலும் அன்றைக்கே வாக்குச்சாவடியில் பதியலாம், முகவரிக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் ஓட்டுப் போட விடமாட்டார்கள். டிரைவிங் லைசென்ஸை மறந்துவிடாதே.

பள்ளிப் பணத்துக்கு மாநில அரசு எவ்வளவு தரும், சொத்து வரியில் எவ்வளவு விழும் என்று ஒவ்வொரு வேட்பாளரும் என்ன சொல்கிறார் என்று பார்த்து எனக்கும் எழுது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. பேத்திக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா