தாராளவாதக் கலையும் என் மகனின் டி.சி.யும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அமெரிக்கப் படிப்பு பற்றி வந்த கட்டுரையை, பாளையங்கோட்டையில் இருக்கும் என் அம்மா கத்தரித்து, படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல்பதிவு. "ஏட்டி, நம்ம பிள்ள படிச்சானே, அது தையல் கிளாஸ் எடுக்கிற காலேஜா? பேப்பர்ல அப்படில்லா போட்டிருக்கு."

பேப்பரில் அப்படிப் போடவில்லை. ஆனால் அம்மா அப்படிப் புரிந்துகொண்டதில் தப்பும் இல்லை. கம்யூனிட்டி காலேஜை "சமுதாயக் கல்லூரி" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் முன்பு அப்படி ஒரு பலகை இருந்தது. தையல், கணினி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி என்று ஆறு மாதம், ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல இடம்தான். எங்கள் வீட்டில் வேலை பார்த்த அக்காவின் மகள் அங்கே படித்துத்தான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜிலும் தொழிற்பயிற்சி உண்டு; வெல்டிங் உண்டு, தீயணைப்பு உண்டு. ஆனால் அதே வளாகத்தில், பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தையும் முழுசாகப் படித்துவிடலாம். என் மகன் அதைத்தான் படித்தான்.

அதற்கு அடுத்த சொல் இன்னும் மோசம்: "தாராளவாதக் கலைகள்". லிபரல் ஆர்ட்ஸ் என்பதை யாரோ அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். அம்மா இதை எதோ கட்சி சம்பந்தப்பட்ட படிப்பு என்று நினைத்து, "அமெரிக்காவுல போயி அரசியல் வேண்டாம்" என்று புத்தி சொன்னார். அந்த 'லிபரல்' லத்தீனிலிருந்து வந்தது. அடிமையாக இல்லாத மனிதன் கற்க வேண்டியவை என்று பொருள். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், வானியல், இசை என்று பழைய ஐரோப்பாவில் ஏழாக எண்ணினார்கள். ஆகவே கணிதமும் வானியலும் அன்றைக்கே அதற்குள் இருந்தன. நமக்கு இதற்குப் புதுச் சொல்லே தேவையில்லையே ஐயா. ஊருக்கு ஊர் "கலை அறிவியல் கல்லூரி" வைத்திருக்கிறோம். நானே அப்படி ஒன்றில் பி.ஏ. வரலாறு படித்தவள்தான். இன்ஜினியரிங் கிடைக்காததால் ஆர்ட்ஸ் காலேஜ் போனவள் என்ற பேச்சையும் கேட்டவள். இருபத்தைந்து வருடம் கழித்து, வேறொரு நாட்டில், மகன் விஷயத்தில் அதே பேச்சை அதே தொனியில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்சம் கழித்துத்தான் கோபம் வந்தது.

மூன்றாவது சொல் "மாற்றல்". மகன் டிரான்ஸ்ஃபர் ஆகி டேவிஸ் போகிறான் என்று நான் போனில் சொன்ன அன்றைக்கு அம்மா பதறிப்போய்க் கேட்ட கேள்வி: "ஏன், டி.சி. குடுத்துட்டாங்களா? என்ன செஞ்சான்?"

நம் ஊரில் படிப்பின் நடுவே கல்லூரி மாறுவது என்றால் ஒன்று அப்பாவுக்கு வேலை மாற்றல், இல்லையென்றால் பையன் ஏதோ வம்பு செய்திருக்கிறான். இங்கே டிரான்ஸ்ஃபர் என்பது அரசே போட்டுவைத்த பாதை. 1960இல் கலிஃபோர்னியா உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் மதிப்பெண்ணில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூ.சி. என்பார்கள், பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், டேவிஸ் எல்லாம் அதன் வளாகங்கள்), மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு (சி.எஸ்.யூ.), மற்ற எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் இரண்டு வருடக் கல்லூரிகள், அங்கிருந்து மேலே ஏறப் படிக்கட்டு. அப்படிப்பட்ட கல்லூரிகள் இன்றைக்கு 116. அம்மாவுக்கு நான் இதை விளக்கியது பாலிடெக்னிக்கை வைத்துத்தான். எங்கள் சித்தப்பா மகன் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.ஈ. இரண்டாம் வருடம் சேர்ந்தான் இல்லையா, அதுபோல. இங்கே நேரே மூன்றாம் வருடம். கடைசியில் கையில் வருவது பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். "அப்படிச் சொல்லு முதல்லயே" என்றார்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கட்டுரையில் "அசோசியேட் பட்டம் பெற்றவர்கள் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாம்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. (அசோசியேட் என்பது கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருடப் பட்டம்.) நாங்களும் அப்படியே நம்பியதால்தான் எங்களுக்கு ஒரு வருடம் போனது. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மகன் 2021 ஆகஸ்டில் சேர்ந்தான். நாங்கள் இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி. கல்லூரி காரில் போகும் தூரம். பணக் கணக்குதான் முதல் காரணம், மறைப்பானேன். இங்கே பாடங்களின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடத்துக்குத் தேவையான 60 யூனிட்டுக்கு மொத்தம் 2,760. அதே பையன் நேரே யூ.சி.யில் சேர்ந்திருந்தால் ஒரு வருடக் கல்விக் கட்டணமே பதினான்காயிரம் டாலரைத் தொடும். தங்கும் செலவு தனி. (தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த 46 டாலர் உங்களுக்கு இல்லை. வெளிநாட்டு மாணவர் கட்டணம் இதைப்போல் பல மடங்கு. ஏஜென்ட் யாராவது 46 என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.)

சேர்ந்த முதல் வாரம் ஒரு கவுன்சலரைப் பார்த்தான். அரைமணி நேரம். எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்று கேட்டதற்கு "இன்னும் முடிவு செய்யல" என்றான். பதினெட்டு வயதில் வேறென்ன சொல்வான்? அப்படியானால் லிபரல் ஆர்ட்ஸ், சமூக அறிவியல் பிரிவு, இதுதான் டிரான்ஸ்ஃபருக்கு வசதியானது என்று ஒரு தாளில் குறித்துக்கொடுத்தார்கள். அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. பொதுப் பாடங்களின் பட்டியல், அதன் மேல் ஒரு துறையில் 18 யூனிட், மொத்தம் 60. கணிதத்துக்குப் புள்ளியியல் ஒன்று போதும் என்றிருந்தது. போதும்தான், அந்தப் பட்டத்துக்கு.

அவன் படித்த விதத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தர்க்கம் படித்தான். பேச்சு வகுப்பில் நடுங்கி நடுங்கி ஆறு முறை பேசினான். புவியியல் எடுத்த செமஸ்டரில் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஹேவர்ட் பிளவு ஓடும் இடத்தைக் காட்டினான். 1868இல் பெரிய நிலநடுக்கம் வந்ததாம் அதில். எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு பக்கம் என்று அவன் சொன்னபோது என் கணவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீடு வாங்கும்போது இவ்வளவு விவரமாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்குப் பொருளாதாரம் பிடித்ததும் அங்கேதான், மாலை வகுப்பொன்றில். வேலை முடித்து வந்த நடுவயதுக்காரர்களோடு உட்கார்ந்து படித்தான். வட்டி விகிதம் பற்றிப் பாடம் நடக்கும்போது பின்வரிசையில் ஒருவர் தன் வீட்டுக் கடன் தாளை எடுத்துக் காட்டிக் கேள்வி கேட்டாராம்.

2022 செப்டம்பரில்தான் இடி இறங்கியது. யூ.சி.யின் ஆறு வளாகங்கள் 'டேக்' என்று ஓர் உத்தரவாதம் தருகின்றன. சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் நிச்சயம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலசும் சான் டியேகோவும் இதில் இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம், அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள். டேவிஸில் பொருளாதாரம் என்று நிரப்ப உட்கார்ந்த இரவு பதினோரு மணிக்கு என் மகன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, கால்குலஸ் ரெண்டு செமஸ்டர் கேக்குறாங்க" என்றான். அவன் அதுவரை படித்திருந்த கணிதம் புள்ளியியல் ஒன்றுதான். கால்குலசுக்கு (நுண்கணிதம்) முன்னால் பிரீகால்குலஸ் வேறு. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. சேர்த்து எடுக்க முடியாது. ஆகஸ்டிலேயே வகுப்புகள் தொடங்கிவிட்டன. அடுத்த வசந்தத்தில் ஒன்று, அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் ஒன்று, மறு வசந்தத்தில் ஒன்று. கணக்குப் போட்டால் 2024 மே.

2023இல் லிபரல் ஆர்ட்ஸ் அசோசியேட் பட்டம் கைக்கு வந்தது. சட்டம் போட்டு மாட்டினோம். பட்டம் சுவரில் இருக்க, பையன் அதே கல்லூரிக்கு மூன்றாவது வருடமும் போனான். மொத்தம் 73 யூனிட் ஆயிற்று. கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 யூனிட் வரைதான் யூ.சி. கணக்கில் எடுக்கும், அதற்கு மேல் படித்த பாடம் செல்லும், யூனிட் சேராது. கூடுதல் 13 யூனிட்டுக்கு 598 டாலர். பணம் பெரிதில்லை. தன்னோடு பள்ளி முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்குப் போக, இவன் அதே வாகன நிறுத்தத்தில் மூன்றாவது வருடமும் இடம் தேடிக்கொண்டிருந்தான். பொங்கல் விழாவில் "பையன் எங்க படிக்கிறான்?" என்று கேட்டவர்களுக்கு நானும் என் கணவரும் "பக்கத்துலதான்" என்று சொல்லிச் சொல்லி அந்த வருடத்தைக் கடத்தினோம். அவனுக்கு அது காதில் விழாமல் இருந்திருக்காது. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது கால்குலஸ் இல்லை, அந்தப் "பக்கத்துலதான்".

கவுன்சலரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் எத்தனை நூறு பிள்ளைகளோ. எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: யூ.சி. பார்ப்பது அசோசியேட் பட்டத்தின் பெயரை இல்லை, பாடங்களை. பட்டமே வாங்காமல்கூட அங்கே மாறலாம். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்த வளாகத்தின் எந்த மேஜரில், எதற்குச் சமம் என்று வரிக்கு வரி காட்ட 'அசிஸ்ட்' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. பணம் கிடையாது, கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். நாங்கள் அதை முதல்முறை திறந்தது அந்தச் செப்டம்பர் இரவில்தான். முதல் செமஸ்டரில், மேஜர் முடிவாகாத நிலையிலேயே, பிடிக்கக்கூடிய மூன்று நான்கு மேஜர்களை அதில் போட்டுப் பார்த்திருந்தால் "எதற்கும் கால்குலஸ் எடுத்து வை" என்று தெரிந்திருக்கும்.

சி.எஸ்.யூ. கதை வேறு, உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது. 2010இல் வந்த ஒரு சட்டப்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே தனியாக அசோசியேட் பட்டங்கள் வந்தன. இங்கே பட்டத்தின் பெயருக்கே மதிப்பு உண்டு. அதை முடித்தால் சி.எஸ்.யூ.வில் எங்காவது இடம் உறுதி, பெரும்பாலும் அங்கே இன்னும் 60 யூனிட்டில் பட்டம். "எங்காவது" என்பதைக் கோடிட்டுப் படிக்க வேண்டும். விரும்பிய வளாகம் என்று சொல்லவில்லை. வழக்கமான அசோசியேட் பட்டமும் இந்தத் தனிப் பட்டமும் கல்லூரிக் கையேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும், பெயரில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து வித்தியாசத்தில். டிரான்ஸ்ஃபரைக் குறிக்கும் அந்த 'டி' இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சேர்கிறவர்களுக்குக் கொஞ்சம் எளிது. பொதுப் பாடங்களுக்கு யூ.சி.க்கு ஒன்று, சி.எஸ்.யூ.வுக்கு ஒன்று என்று இருந்த பட்டியல்களை 2025 இலையுதிர் காலத்திலிருந்து ஒன்றாக்கிவிட்டார்கள்; 34 யூனிட். கல்லூரிக்குக் கல்லூரி வேறு எண்ணில் இருந்த ஒரே பாடத்துக்கு ஒரே எண் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. ஆனாலும் மேஜருக்கான பாடங்களை அந்தப் பட்டியல் சொல்லாது. அன்றும் சொல்லவில்லை.

மகன் 2024இல் டேவிஸ் போனான். முதல் வாரம் போன் செய்து, தன் வகுப்பில் பாதிப் பேரிடம் பேசிப் பார்த்ததில் டிரான்ஸ்ஃபர் ஆகி வந்தவர்கள் நிறைய என்றான். யாரும் எங்கிருந்து வந்தாய் என்று குரலைத் தாழ்த்திக் கேட்கவில்லையாம்.

ஆகவே ஐயா, அடுத்த முறை "கம்யூனிட்டி காலேஜ்" என்றே எழுதிவிடுங்கள், வாசகர்களுக்குப் புரியும். லிபரல் ஆர்ட்சுக்குக் கலை அறிவியல் என்று போடுங்கள். சின்னதாக ஒரு திருத்தமும் வெளியிட்டால் நல்லது. அம்மா அந்தக் கத்தரித்த துண்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். திருத்தம் வந்தால் அதையும் கத்தரித்து, எதிர்வீட்டு மாமியிடம் முதலில் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். தையல் கிளாஸ் என்று ஏற்கெனவே அவரிடம் சொல்லிவிட்டாராம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கலிஃபோர்னியா