வேதாகம வாசிப்பு வட்டம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், ஆயர் ஐயா அவர்களுக்கும், வந்திருக்கும் அங்கத்தினர் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டு பழைய ஏற்பாட்டின் எபிரெயத் தீர்க்கதரிசிகளை வாசித்தோம். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை மாலைகளில் கூடினோம். டிசம்பரில் மட்டும் கூடவில்லை; கேரல் ரவுண்ட்ஸ் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

முதல் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் பெஞ்சுகளையும் இழுத்துப் போட்டோம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வந்தவர்களில் பாதிப்பேர், இப்போது நடக்கும் போர் எந்த வசனத்தில் இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். 'தீர்க்கதரிசி' என்ற சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது: தொலைவில் இருப்பதைக் காண்கிறவர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'இறைவாக்கினர்' என்று இருக்கிறது. இவர் காண்கிறவர் அல்ல, பேசுகிறவர். அந்த மாலை முழுவதும் இந்த இரண்டு சொல்லிலேயே போயிற்று. யூதர்களின் வேத வரிசையில் யோசுவா, சாமுவேல், இராஜாக்கள் என்ற சரித்திரப் புத்தகங்கள் எல்லாம் தீர்க்கதரிசிகள் பகுதியில் வருகின்றன, வருங்காலத்தைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டும் தானியேல் அந்தப் பகுதியிலேயே இல்லை என்று ஆயர் ஐயா சொன்னபோது ஒரே சலசலப்பு. அடுத்த கூட்டத்தில் நாற்காலிகள் மிஞ்சின.

மிஞ்சிய ஆட்களோடு ஆமோஸைத் தொடங்கினோம். எருசலேமுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள தெக்கோவா ஊர்க்காரர். ஆடு மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தெற்கு ராஜ்யமான யூதாவின் ஆளான அவர் வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலின் பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். அங்கே இரண்டாம் யெரொபெயாம் ராஜா ஆண்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டு அது. மேல்தட்டில் செல்வம் கொழித்த காலம். தந்தக் கட்டில்களில் சாய்ந்து கிடப்பவர்களை ஆமோஸ் சாடுவதை மிகைப்படுத்திய பேச்சு என்று நினைத்திருந்தேன். 1930களில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைத் தோண்டியபோது தந்தச் செதுக்கல் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தனவாம்.

8ஆம் அதிகாரத்தில்தான் கூட்டம் சூடு பிடித்தது. மரக்காலைக் குறைத்தார்கள், சேக்கல் என்ற எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள் என்று வருகிறது. மரக்காலைக் குறைப்பது சரி. எடைக்கல்லை எதற்குப் பெரிதாக்க வேண்டும்? அந்தக் காலத்தில் அங்கே நாணயம் இல்லை, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள் என்று ஆயர் ஐயா சொன்னதும் நம் மளிகைக்கடை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "தானியம் அளக்கிற மரக்கால் சின்னது, வெள்ளி நிறுக்கிற கல்லு பெரிசு. ரெண்டு பக்கமும் அடிக்கான்" என்றார். அடி உள்ளே ஒடுங்கிய பழைய அளவுப் படிகளைப் பற்றியும் விவரமாகச் சொன்னார். அதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அண்ணாச்சி அதற்குப் பிறகு ஒரு கூட்டமும் தவறவில்லை.

உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்ற 5ஆம் அதிகாரப் பகுதியில், பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு சகோதரி எழுந்து, "அப்படியானால் எல்லாரும் சேர்ந்து உண்ணும் நம் அசனப் பண்டிகையை என்ன சொல்வார்?" என்று கேட்டார். கேள்வி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. பதில் நிலுவையில் உள்ளது. பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா மட்டும் ஆமோஸுக்கு உடனே பதில் கொடுத்திருக்கிறான்: இது ராஜாவின் இடம், யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள். கி.மு. 722 வாக்கில் அசீரியர் கையில் சமாரியா விழுந்தது.

ஓசியாவை இரண்டே கூட்டங்களில் முடித்தது நியாயமில்லை. ஏசாயாவில் 12 அதிகாரங்களோடு நின்றோம். ஆனால் 1947இல் சாக்கடல் ஓரக் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் எவ்வளவு நீளம் என்று வாலிபர்கள் கயிறு பிடித்துக் காட்டினார்கள். 7 மீட்டருக்கு மேல், மேடையிலிருந்து கதவு வரை போயிற்று.

எரேமியாவுக்கு அதிக நாள் எடுத்துக்கொண்டோம். அதற்கு நான்தான் காரணம். எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய பாருக்கு என்பவர் மேல், செயலாளர் என்ற முறையில் எனக்குத் தனிப் பாசம். ஆலயத்துக்குள் எரேமியாவுக்குத் தடை, அதனால் சுருளைக் கொண்டுபோய் வாசித்தவரே பாருக்குதான். பிறகு அதை யூதாவின் ராஜா யோயாக்கீம் முன் வாசித்தார்கள். குளிர்காலம், எதிரே கணப்பு. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். சுட்டெரிக்க வேண்டாம் என்று தடுத்தவர்களில் சாப்பானின் மகன் கெமரியாவும் ஒருவர். பாருக்கு முதலில் வாசித்ததும் அவருடைய அறையில்தான். கெமரியாவின் பெயர் பொறித்த களிமண் முத்திரை ஒன்று 1982இல் எருசலேம் அகழாய்வில் கிடைத்தது. பாபிலோனியர் நகரத்தைக் கொளுத்தியபோது முத்திரையிட்ட ஏடுகள் சாம்பலாயின, களிமண் வெந்து நின்றது.

எரேமியாவின் உயிர் ஒருமுறை தப்பியதும் ஒரு பழைய பேச்சால்தான். ஆலயம் அழியும் என்றதற்காக அவரைக் கொல்லப் பார்த்தபோது, மூப்பர் சிலர் எழுந்து, எசேக்கியா ராஜாவின் நாளில் மீகா தீர்க்கதரிசியும் இதையே சொன்னார், அவரைக் கொன்றோமா என்று கேட்டார்கள். இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டு. யாரோ எழுதியோ மனப்பாடமாகவோ வைத்திருந்திருக்கிறார்கள். இதே பேச்சைப் பேசிய உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எகிப்துக்கு ஓடியவரைப் பிடித்து வந்து கொன்றார்கள்.

பாபிலோன் படை நகரத்தைச் சூழ்ந்திருக்கும்போது எரேமியா தன் ஊரான ஆனதோத்தில் நிலம் வாங்கிய கதையும் பலருக்குப் புதிது. விலை 17 சேக்கல். ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம், ஆக ஏறத்தாழ 190 கிராம் வெள்ளி. பொருளாளர் உடனே இன்றைய விலைக்குப் பெருக்கிப் பார்த்து, முற்றுகைக்குள் இருக்கிற நிலத்துக்கு இது அதிகம் என்றார். பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தும் வேலையும் பாருக்கின் தலையில்தான். 45ஆம் அதிகாரத்தில் அவர் களைத்துப்போய்ப் புலம்புகிறார். உனக்குப் பெரிய காரியங்களைத் தேடாதே, உயிர் மிஞ்சும் என்று பதில் வருகிறது. செயலாளர் பதவிக்கு மனு கொடுக்க நினைப்பவர்கள் அந்த ஐந்து வசனங்களை வாசித்துவிட்டு வரவும்.

ஒரு வருத்தம். ஐப்பசி மழையில் கூட்டக் குறிப்பேடு நனைந்து மை கரைந்துவிட்டது. தவறு என்னுடையது, ஜன்னலோரம் வைத்தேன். நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். ராஜா எரித்த பிறகு பாருக்கு திரும்ப எழுதிய இரண்டாம் சுருளைப்போல இதிலும் அநேக வார்த்தைகள் கூடிவிட்டன என்று தலைவர் ஐயா சொன்னார். அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தேநீர் செலவை ஏற்ற குடும்பங்களுக்கும், ஹாலைத் திறந்து மூடிய கோயில்குட்டியாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு எசேக்கியேல் முன்மொழியப்பட்டுள்ளது. முதல் அதிகாரத் தரிசனத்திலேயே விசித்திரமான சக்கரங்கள் வருவதால், முதல் கூட்டத்துக்கு மட்டும் கூடுதல் நாற்காலிகளுக்குச் சொல்லிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்