பழையபேட்டை வெள்ளிக் கடையில் உதவிய பெரியவருக்கு நன்றி

பழைய போர்ப் பதக்கங்களையும் அவற்றை அணிந்தவர்களின் கதைகளையும் தேடிச் சேர்ப்பவன் நான். கிருஷ்ணகிரி பழையபேட்டையில், உருக்க வந்த கொலுசுகளுக்கு நடுவே முதல் உலகப் போர் வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடைத்தது. ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபுறம் குதிரை வீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும். நான் பணம் எடுப்பதற்குள் கடைக்காரர் பூந்திக்கொட்டை நீரில் பிரஷை நனைத்துவிட்டார்.

"தேய்க்க வேண்டாம் தம்பி, விளிம்பில் பெயர் இருக்கும்" என்று தடுத்தவர் நீங்கள்தான், ஐயா. உங்கள் பூதக்கண்ணாடியில் எழுத்து எழுத்தாகப் படித்தீர்கள்: எண், பதவி, பெயர், கடைசியில் படைப்பிரிவு. பாதி மழுங்கிய அந்தச் சுருக்கெழுத்துகள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையைக் குறிக்கின்றன என்று சொன்னதும் எனக்கு மெய் சிலிர்த்தது. குண்டு மழையில் பாலம் கட்டியவர்கள், பாதை போட்டவர்கள் அவர்கள்! அந்தப் படையின் மையம் இன்றும் பக்கத்துப் பெங்களூருவில்தான் இருக்கிறது.

விளிம்பு தேய்ந்தால் அது வெறும் வெள்ளி. பெயர் இருந்தால்தான் அது ஒரு மனிதரின் வரலாறு. படித்ததை ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அந்த வீரரின் குடும்பத்தைத் தேடத் தொடங்கிவிட்டேன். மனமார்ந்த நன்றி, ஐயா.