வீடு கட்டுகிறவரிடமும் உரிமம் கேளுங்கள், ஜாமீனும் கேளுங்கள்

கேரள, தமிழ்நாடு அரசுகளின் உள்ளாட்சித் துறை அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. எருத்தேம்பதி, வடகரப்பதியில் வேலை இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, ஆனைமலை. நான் எழுப்பிய வீடுகள் இரண்டு மாநிலத்திலும் இருக்கின்றன. வீடு கட்ட நான் தகுதியானவன் என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம் மட்டும் எந்த மாநிலத்திலும் என்னிடம் கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை. கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பிளான் போட்டுக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சரி. ஒயரிங் செய்கிறவருக்கு மின் உரிம வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். அதுவும் சரி. ஆனால் பில்லருக்கு எத்தனை எம்.எம். கம்பி, அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, கலவையில் எவ்வளவு தண்ணீர், கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் சென்ட்ரிங்கை எத்தனையாவது நாள் பிரிப்பது என்று சைட்டில் நின்று அன்றாடம் முடிவு செய்கிற ஆள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். குடும்பமே படுத்துத் தூங்கப் போகிற கூரை அந்த ஆளின் கையில்தான் இருக்கிறது.

அரசு வேலை என்றால் இப்படி இல்லை. பொதுப்பணித் துறையில் கான்ட்ராக்டராகப் பதிய வேண்டும், டெண்டருக்கு முன்பணம் கட்ட வேண்டும், வேலை கிடைத்ததும் செக்யூரிட்டி டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ கொடுக்க வேண்டும். அடுக்குமாடி கட்டி விற்கிறவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது: வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், கட்டடக் குறைகளுக்கு ஐந்து வருடம் பொறுப்பு. சொந்த மனையில் ஒரு மேஸ்திரியை நம்பி வீடு கட்டுகிறவர் இந்த இரண்டு வேலிக்கும் வெளியே நிற்கிறார். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் எழுகின்றன. தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், வரவேற்கிறேன். அனுமதி இவ்வளவு சுலபமான பிறகு, கட்டுகிற ஆள் யார் என்று கேட்பது இன்னும் அவசியமாகிறது.

பாதியில் நின்ற வீட்டை எடுத்துக் கட்டச் சொல்லி அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். வேலந்தாவளம் பக்கம் ஒரு டெம்போ டிரைவர் வீடு. கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தோடு நின்றிருந்தது. ஆனால் மேல் கான்கிரீட்டுக்கான பணம் வரை முன்பே கைமாறியிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்த கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் துரு செதில் செதிலாகக் கொட்டியது. ஒரு பில்லரின் அடியில் கலவை இறங்காமல் பொந்து விழுந்திருந்தது. அதைக் கொத்திப் பார்த்தோம். ஆறு அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டிய ரிங், ஒரு அடிக்கு ஒன்று கிடந்தது. இரண்டு பில்லர்களை இடித்துவிட்டுத்தான் மேலே போக முடியும் என்று நான் சொன்னபோது அந்த அண்ணன் எதுவும் பேசவில்லை. அவர் மனைவி மட்டும், "இடிக்கிறதுக்கும் நாங்கதான் காசு குடுக்கணுமா?" என்று கேட்டார். வீட்டுக் கடனின் தவணை ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி ஏமாந்தவர் எங்கே போவார்? ஸ்டேஷனுக்குப் போனால் இது சிவில் மேட்டர் என்பார்கள். எல்லையில் இன்னொரு தொல்லையும் உண்டு: பணம் வாங்கியவர் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிவிட்டால், இங்கே அவரைத் தேடுகிறவரும் இல்லை, அங்கே அவரைத் தெரிந்தவரும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவது சேவைதான் என்று 2019 சட்டம் சொல்கிறது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் இடம் கொடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஜெயித்த பிறகு யாரிடம் வசூலிப்பது? வாடகை வீட்டில் இருக்கிற, பேரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத ஆளிடம் எதை ஜப்தி செய்வார்கள்? ஜாமீன் பத்திரம், அதாவது கட்டுகிறவர் ஏமாற்றினால் நஷ்ட ஈட்டை நாங்கள் கொடுக்கிறோம் என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம், உதவ வேண்டிய இடம் அதுதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கான்ட்ராக்டர்களுக்கென்று 1929லிருந்து ஒரு உரிம வாரியம் இருக்கிறது. 1,000 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வேலையை உரிமம் இல்லாமல் எடுக்கக் கூடாது. உரிமம் வேண்டுமென்றால் அந்தத் தொழிலில் நாலு வருட அனுபவம் காட்ட வேண்டும், பொதுவாகப் பரீட்சையும் எழுத வேண்டும். அப்புறம் 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கொடுக்க வேண்டும். 2023க்கு முன்னால் அது 15,000 டாலராக இருந்தது. வீட்டு மராமத்து வேலைக்கு அட்வான்ஸாக ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. உரிம எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் அந்தக் கான்ட்ராக்டரின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் கிடைக்காத தொழிலாளியும் அந்தப் பத்திரத்தின் மேல் உரிமை கோரலாம். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேஸ்திரி ஓடினால் வீட்டுக்காரரோடு சேர்ந்து, வாரச் சம்பளம் வராமல் நிற்பது சித்தாளும் வங்காளத்திலிருந்து வந்த பையன்களும்தான்.

அந்தப் பத்திரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரே பத்திரத்தை அந்தக் கான்ட்ராக்டரிடம் ஏமாந்த எல்லோரும் பங்கு போட வேண்டியிருக்கும். ஒரு வீட்டின் முழு நஷ்டத்துக்கு அது காணாது. ஆனாலும் பத்திரம் கொடுக்கிற கம்பெனி, ஆளைப் பார்க்காமல் கொடுக்காது. நஷ்ட ஈடு கொடுத்த பிறகு அதே ஆளிடமிருந்து அதை வசூலிக்கும். அடுத்த வருடம் அவருக்குப் பத்திரம் கிடைப்பது கஷ்டம். பத்திரம் இல்லாவிட்டால் உரிமமும் இல்லை. ஓடிப்போய் அடுத்த ஊரில் போர்டு மாட்டும் வழி அடைபடுவதுதான் பெரிய லாபம்.

இதற்கு நம் நாட்டில் சட்ட அடிப்படை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடனாளி, கடன் கொடுத்தவர், ஜாமீன்தாரர் என்ற மூவர் ஏற்பாடு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஜாமீன்தாரர் கொடுத்த பணத்தை மூலக் கடனாளியிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு. காப்பீட்டுக் கம்பெனிகள் இத்தகைய பத்திரம் கொடுக்க, ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ரோடும் பாலமும் கட்டுகிற பெரிய கம்பெனிகளை மனதில் வைத்துச் செய்தது அது. அதை எங்கள் அளவுக்குத் தைத்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் அளவு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சொத்தை அடமானம் வைத்தால்தான் பத்திரம், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினால்தான் உரிமம் என்று நாளைக்கே ஆரம்பித்தால், நாணயமாக வேலை செய்கிற கொத்தனார்கள்தான் முதலில் வெளியே போவார்கள். பணம் உள்ள ஒருவர் உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, அதே கொத்தனாரைக் கூலிக்கு வைத்து வேலை வாங்குவார். அதனால் தேர்வு கையில் இருக்க வேண்டும்: ஒரு பில்லருக்குக் கம்பி கட்டிக் காட்டட்டும், ரூஃப் போட்ட பிறகு எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்று வாயால் சொல்லட்டும். (சாதா சிமென்டுக்கு ஏழு நாள், இப்போது எல்லோரும் போடுகிற பி.பி.சி. என்ற கலப்பு சிமென்டுக்குப் பத்து நாள். இது குறைந்தபட்சம் என்று தர விதியே சொல்கிறது. மூணாவது நாளே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.) சித்தூர் தாலுகாவில் அது தமிழிலும் நடக்க வேண்டும். கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியை அரசிடம் பயன்படுத்த 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

தனித்தனியாகப் பத்திரம் வாங்க முடியாதவர்கள் கூட்டாக வாங்கட்டும். கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரை அருகே ஊராளுங்கலில் 1925ல் கூலித் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் இன்று பாலமும் தேசிய நெடுஞ்சாலையும் கட்டுகிறது. அந்த அளவுக்கு வேண்டாம். ஒரு பஞ்சாயத்தின் மேஸ்திரிகள் ஒரு சங்கமாகி, சர்வீஸ் கூட்டுறவு வங்கி அந்தச் சங்கத்துக்கு ஜாமீன் நின்றால் போதும். உடனிருப்பவன் ஓடினால் எங்கள் பணம் போகும் என்று தெரிந்தால், யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்கே நன்றாகத் தெரியும்.

உரிமம் என்று வந்தால் லஞ்சமும் வரும் என்று என்னோடு வேலை செய்கிறவர்களே பயப்படுகிறார்கள். நியாயமான பயம். விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல நாள் குறிக்க வேண்டும். உரிமம் பெற்றவர்கள், ரத்தானவர்கள் இரு பட்டியலும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் தொங்க வேண்டும்.

வீட்டுக்காரர்களிலும் கடைசி பில்லை இழுத்தடிக்கிறவர்கள் உண்டு. உரிமத்தோடு ஒரு மாதிரி ஒப்பந்தமும் கட்டாயமானால், கடக்கால், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கும். அது எங்களையும் காப்பாற்றும்.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லைக்காரனின் தனிக் கோரிக்கை. கேரளம் ஒரு உரிமம், தமிழ்நாடு வேறொரு உரிமம் என்று தனித்தனியாகப் போனால், இங்கே ரத்தானவர் அங்கே புதிதாக வாங்குவார். நாணயமானவர் இரண்டுக்கும் காசு கட்டுவார். ஒரு பக்கம் வாங்கிய உரிமமும் பத்திரமும் மறுபக்கமும் செல்ல வேண்டும், ஒரு பக்கம் ரத்தானால் இரு பக்கமும் ரத்தாக வேண்டும். முதலில் சித்தூர், பொள்ளாச்சி தாலுகாக்களில் மட்டும் நடத்திப் பாருங்கள். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்காரும் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். வீடு பாதியில் நின்ற குடும்பங்களையும் மேஸ்திரிகளையும் அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதி மேஸ்திரி ஒருவன்