கும்பல் அல்ல, சந்தா கட்டிய சங்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் ஓரிடத்தில் 'தென் மாநிலங்களின் முகமூடிக் கும்பல்' என்கிறார் கட்டுரையாளர். 'தென்' என்பதிலும் எனக்கு வழக்கு உண்டு, 'கும்பல்' என்பதிலும் உண்டு. 1920களின் முற்பாதியில் அந்த அமைப்பு கொழுத்து வளர்ந்தது வடக்கே, இண்டியானா மாநிலத்தில். அங்கே அது கும்பலாக இல்லை. சந்தா கட்டி உறுப்பினர் அட்டை வாங்கும் சங்கமாக இருந்தது.

சேருவதற்கு 10 டாலர். அதில் 4 டாலர் ஆள் பிடித்துக் கொடுத்த முகவருக்குப் போய்விடும். நம்மூரில் சீட்டுக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் சுறுசுறுப்புதான். இரண்டரை லட்சம் பேர்வரை சேர்ந்தார்கள். மருத்துவர், வக்கீல், கடைக்காரர், புராட்டஸ்டன்ட் பாதிரியார் எல்லோரும் உண்டு. ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே கிளானின் வெள்ளை அங்கிக்காரர்கள் வரிசையாகத் தேவாலயத்துக்குள் நுழைவார்கள். போதகர் கையில் பணம் வைத்த உறையைக் கொடுத்துவிட்டு, பேசாமல் வெளியேறுவார்கள். கறுப்பர், யூதர், குடியேறிகள் மீதான வெறுப்போடு, அங்கே கத்தோலிக்கர் மீதான வெறுப்பும் நன்றாக விலைபோனது.

விற்றவர் டி.சி. ஸ்டீபன்சன். 1923 ஜூலை 4 அன்று கொக்கோமோ நகருக்கு அருகே ஒரு பூங்காவில் மாபெரும் கூட்டம் கூட்டி கிளானின் மாநிலத் தலைவராகப் பட்டம் சூட்டிக்கொண்டார். மறு ஆண்டே அவருடைய ஆதரவு பெற்ற எட்வர்ட் ஜாக்சன் ஆளுநர் தேர்தலில் வென்றார். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர்போல, ஆட்சியே அவர் கையில்.

ஸ்டீபன்சன் சிறை சென்றதைச் சொல்லும் கட்டுரையாளர், அவரைச் சிறைக்கு அனுப்பிய பெண்ணின் பெயரை ஏன் விட்டுவிட்டார்? மேட்ஜ் ஓபர்ஹோல்ட்ஸர், 28 வயது, அரசு ஊழியர். 1925 மார்ச்சில் ஸ்டீபன்சன் அவரைக் கடத்திச் சென்று ரயிலில் வைத்துச் சீரழித்தார். உயிர் போவதற்கு முன் மேட்ஜ் கொடுத்த வாக்குமூலம்தான் வழக்கைத் தாங்கியது. ஆயுள் தண்டனை விழுந்தது. மன்னிப்புத் தருவார் என்று நம்பிய ஜாக்சன் கைவிட்டதும், யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தேன் என்று ஸ்டீபன்சனே வாய் திறந்தார். அதையெல்லாம் வெளிக்கொண்டுவந்த 'இண்டியானாபொலிஸ் டைம்ஸ்' நாளிதழுக்கு 1928இல் பத்திரிகைப் பணிக்கான புலிட்சர் பரிசு. ஜாக்சன்? வழக்குத் தொடரும் கால வரம்பு கடந்துவிட்டதென்று தப்பித்தார்.

'இத்துடன் கதை முடிந்தது' என்கிறது கட்டுரை. சங்கத்தின் கதை முடிந்தது, சரி. ஆனால் அந்த வெறுப்பு அதோடு பிறந்ததுமில்லை, அதோடு முடிந்ததுமில்லை. கறுப்பின மாணவர்களுக்கென்றே தனி உயர்நிலைப் பள்ளி என்று மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸின் பள்ளி வாரியம் 1922 டிசம்பரிலேயே முடிவெடுத்திருந்தது. கிளான் ஆதரித்த வாரியம் பதவிக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பள்ளி திறந்தது 1927இல், ஸ்டீபன்சன் சிறையில் இருக்கும்போது. அடிமைகளை வைத்திருந்த முன்னாள் அதிபர் ஜெபர்சன் பெயரை வைக்கப் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் விடவில்லை. 1770இல் பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் குண்டுக்கு இரையான கறுப்பினத்தவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸின் பெயரை வைக்கச் செய்தார்கள். பள்ளிகளில் இப்படிப் பிரித்துவைப்பதற்கு மாநிலச் சட்டம் தடை போட்டது 1949இல்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.