பாரக் கணக்கு சொல்லித்தந்த அம்மாவுக்கு

பழைய நூல்களை ஸ்கேன் செய்து, எழுத்தாக்கி இணையத்தில் சேர்க்கும் தமிழ் விக்கிமூலத்து நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பக்கங்கள் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. நேற்று இரவு கடைசிப் பக்கத்தைத் திறந்து, இடப்புறத்து எழுத்தும் வலப்புறத்துப் படமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு வந்தது. என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும்: நாம் ஏற்றிய ஒரு பழைய நூலின் ஸ்கேனில் தாள் விட்டுப்போய், எழுத்து ஒரு பக்கத்திலும் அதற்குரிய படம் வேறு பக்கத்திலுமாகக் கிடந்தன. அதை மறுபடி கிளற வேண்டாம். சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நள்ளிரவு தாண்டியும் தானியங்கி நிரலை ஓட்டிப் பக்கங்களை நகர்த்தியவர்கள், அதுவரை யாரும் தொகுக்காமல் காவல் இருந்தவர்கள், தன்னிடமிருந்த பழைய பிரதியிலிருந்து விடுபட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்பியவர், பாடல்களை அடி அடியாக ஒப்பிட்டவர்கள், ஒன்றுமே கேட்காமல் "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் போன் செய்த அண்ணன்: எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

ஆனால் இந்த மடலில் பெரும்பகுதி ஓர் அம்மாவுக்குச் சேர வேண்டியது. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. நம்மிடம் வந்து சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. எந்த நிரலை எழுதுவது, எத்தனை பக்கம் தள்ளுவது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நூலைப் பற்றி நாம் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் ஒரே வரி எழுதினார்: "தம்பி, பாரம் சரியா இருக்கான்னு பாத்தீங்களா?"

எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் அட்டவணை எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா அச்சுக்கோப்பவராம். சிறுவயதில் அச்சகத்தில் தாள் மடித்த கை அது.

பழைய புத்தகங்களைப் பெரிய தாளில் அச்சடித்து மடிப்பார்கள். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம். ஒவ்வொரு பாரமும் தொடங்கும் பக்கத்தின் அடியில், நூல் பெயரின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் பொடியாக இருக்கும். பைண்டிங் செய்பவர் வரிசை மாறாமல் அடுக்குவதற்கான அடையாளம் அது. மெய்ப்புப் பார்க்கிறவர்கள் நாள்தோறும் அதைக் கண்ணால் பார்க்கிறோம். நூலின் உரை இல்லை என்பதால் ஒதுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டார். பார எண், அச்சில் உள்ள பக்க எண், கோப்பில் அது எத்தனையாவது படம் என்று மூன்று கட்டம். 3ஆம் பாரம் 33ஆம் பக்கத்தில் தொடங்குகிறது, 4ஆவது 49இல். கோப்பிலோ அந்த இரண்டுக்கும் இடையே 18 படங்கள் தள்ளியிருந்தன. அதன் அருகில் பென்சிலால் "படத்தாள், எண் போடவில்லை" என்று எழுதியிருந்தார். 7ஆம் பாரத்துக்கும் 8ஆம் பாரத்துக்கும் இடையே 14தான் வந்தது. அங்கே சிவப்பு மையில், "ஒரு தாள் விழுந்திருக்கு, இந்தப் பாரத்தை மட்டும் பாருங்க."

அதன் பிறகு முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

யோசிக்க யோசிக்க எனக்கு ஆறவில்லை. எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதற்கு நம்மிடம் உதவிப் பக்கங்கள் நிறைய உண்டு. இந்த மாதிரிக் கைப்பழக்கம் எந்த உதவிப் பக்கத்திலும் இல்லை. யாராவது ஒருவர் வாய்திறந்தால்தான் அடுத்தவருக்கு வரும். 'கௌரவம்' என்று தேடினால் 'கெளரவம்' அகப்படாது, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் ஔகாரக் குறியை ளகரமாகப் படித்துவிடுகிறது என்று முன்பு ஒரு நண்பர் சொல்லப்போய்த்தானே நமக்கெல்லாம் தெரிந்தது! 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தொடங்கியபோது ஒருங்குறி (யூனிகோடு) நம் கணினிகளில் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. பல நாடுகளில் இருந்தவர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே அத்தனை நூல்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக வந்த நாட்டுடைமை நூல்களே நம்மிடம் 2,000க்கு மேல் இருக்கின்றன. தாள் விட்டுப்போனதும், ஒரே பக்கம் இரண்டு முறை ஸ்கேன் ஆனதும் அவற்றில் எங்கே ஒளிந்திருக்கிறதோ! இனி நான் கையில் எடுக்கும் எந்த நூலுக்கும், முதல் எழுத்தைத் திருத்துவதற்கு முன் பார அட்டவணை போட்டுப் பேச்சுப் பக்கத்தில் வைப்பேன். இது அம்மாவுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவர் குறிப்பை உதவிப் பக்கமாக எழுதி அனுமதி கேட்டேன். படித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்: "எல்லாப் புத்தகமும் 16 இல்லப்பா, 8 பக்கப் பாரமும் உண்டு. முதல் ரெண்டு பாரத்தைப் பாத்து நீங்களே முடிவு பண்ணிக்கணும்னு போடுங்க." போட்டுவிட்டேன்.

இப்போது பக்கங்கள் எல்லாம் மஞ்சளில், அதாவது ஒருமுறை மெய்ப்புப் பார்த்த நிலையில் நிற்கின்றன. மெய்ப்புப் பார்த்தவரே தன் பக்கத்தைப் பச்சையாக்க, அதாவது சரிபார்த்ததாகக் குறிக்க முடியாது என்பது விதி. ஆகவே இந்த நூலில் இதுவரை கை வைக்காதவர்கள் ஆளுக்கு ஒரு பாரம் எடுத்துக்கொண்டு சரிபார்த்துத் தாருங்கள். 7ஆம் பாரத்தை அம்மா பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.