முதியோர் வீட்டு வேலைக்கும் கூலி விகிதம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது என்று செய்தி போடும்போதெல்லாம் எத்தனை கம்பெனிகள் வருகின்றன என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். கூடவே வயது வரம்பையும் போட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பஸ் காசு மிச்சமாகும். எனக்கு வயது 46. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கு பிளாஸ்டிக் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்தது. மூன்று ஷிப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றானது. ஸ்டோர்ஸையும் டெஸ்பாட்ச்சையும் ஒரே ஆள் பார்த்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஒரே ஆள் நான் இல்லை. கணக்கை ஒழுங்காகவே முடித்துக் கொடுத்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. அதன் பிறகு இந்த ஊரிலேயே வேலை தேடி அலைந்தபோது கண்ணில் பட்டதை, முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

புதுச்சேரியைச் சுற்றுலா ஊர் என்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் கடற்கரைச் சாலைப் பக்கம் நிற்கும் சென்னை, பெங்களூரு கார்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஏதாவது ஒரு வங்கிக்குள் நுழைந்து பாருங்கள், இது யாருடைய ஊர் என்று தெரிந்துவிடும். புதுச்சேரி அரசில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ரயில்வேக்காரர்கள், நெய்வேலியில் வேலை முடித்து இலாசுப்பேட்டையில் வீடு கட்டியவர்கள், ஆசிரமத்துக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட வங்காளிகள். அப்புறம் நம் ஊருக்கே உரிய சொல்தாக்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பிரான்ஸ் அரசின் பென்ஷனை வாங்கிக்கொண்டிருப்பவர்கள், இப்போது பெரும்பாலும் அவர்களுடைய மனைவிமார்கள்.

தொழில் மந்தம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் இந்த ஊரில் ஒரு பெரிய பணத்துக்கு மந்தம் கிடையாது. மத்திய அரசு பென்ஷன் மாதத்தின் கடைசி வேலை நாளில் கணக்கில் ஏறிவிடும். கொரோனா சமயத்தில் அகவிலைப்படி உயர்வை 2020 ஜனவரியிலிருந்து 2021 ஜூன் வரை நிறுத்தி வைத்தார்களே தவிர, பென்ஷன் நிற்கவில்லை. அதோடு, பென்ஷன்தாரருக்கு 80 வயது ஆனால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85 ஆனால் 30, 90 ஆனால் 40, 95 ஆனால் 50, நூறைத் தொட்டால் இன்னொரு முழு பென்ஷன். ஆள் தளரத் தளர வருமானம் கூடுகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நியாயமான ஏற்பாடுதான். அந்த வயதில்தான் கை பிடித்து நடத்த ஆள் தேவைப்படுகிறது.

எல்லா பென்ஷனும் அப்படி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் முதலியார்பேட்டையில் வளர்ந்தவன். அப்பா மில் தொழிலாளி. தொழிலாளர் வைப்பு நிதியின் 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் என்று 2014-இல் நிர்ணயித்தது மாதம் 1,000 ரூபாய். அப்பாவுக்கு வருவது அதைவிடக் கொஞ்சம் அதிகம். ரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் போதும், கண் சொட்டு மருந்துக்கு நான் போட வேண்டும். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி யூரோவில் பென்ஷன் வருகிறது. இரண்டு வீட்டிலும் பென்ஷன்தாரர் என்றுதான் சொல்கிறோம்.

அப்பா காலத்தில் வேலை தேடுவது என்றால் மில்லில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்பது. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. 1898-இல் தொடங்கியது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அதைப் புரட்டிப் போட்டது. 2020 ஏப்ரல் 30-உடன் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். சுதேசி, பாரதி மில்களும் அதே ஆண்டில் போயின. மில்லுக்கு அடுத்த தலைமுறையான எங்களுக்குத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் இருந்தன. புதுச்சேரியில் விற்பனை வரி குறைவு என்பதால் வந்த கம்பெனிகள் அங்கே நிறைய. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வசதிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆர்டர் இருக்கும்வரை ஓடுவார்கள், இல்லாதபோது இங்கேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

இனி நான் தேடிய கதை. ஓட்டல்களில் முப்பது வயதுக்குள் கேட்கிறார்கள், ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் பேச வேண்டும். செக்யூரிட்டி வேலை கிடைக்கும், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கு முன்னுரிமை. மருந்துக்கடையில் ஸ்டோர்ஸ் அனுபவம் உதவும் என்று நினைத்துப் போனேன். அவர்களுக்குத் தேவை டி.பார்ம் படித்த பையன். ஒரு பெரிய துணிக்கடையில் பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு, "சொல்லி அனுப்புறோம் சார்" என்றார்கள். சார் என்று கூப்பிட்டாலே வேலை இல்லை என்று அர்த்தம்.

வேலை வந்தது பக்கத்து வீட்டிலிருந்து. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், பென்ஷன் நிற்காமல் வர நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும், வங்கிக்கு நடக்க முடியவில்லை, செல்போனில் செய்யலாமாமே தம்பி என்று கேட்டார். செய்யலாம்தான். ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப் பதிவுச் செயலியும் இருந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். ஆனால் கண்புரை அறுவை செய்துகொண்டவரை வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து, கண்ணை இமைக்கச் சொல்லி, செயலி சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். செயலி தயாராகும்போது அவர் தூங்கிவிடுவார், அவர் விழிக்கும்போது நெட் போய்விடும். அவருக்கு முடிந்ததும் அவருடைய நடைப்பயிற்சிக் கூட்டாளிகளுக்கு. 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்லியே எனக்குச் சில வீடுகள் கிடைத்தன. கூலி என்று வரும்போது மட்டும், "தபால்காரரே 70 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்து செய்கிறாரே" என்பார்கள். உண்மைதான், அஞ்சல் துறை வங்கியின் கட்டணம் அதுதான். தபால்காரருக்கு மாதச் சம்பளம் தனியாக உண்டு என்பதை நான் வாய் திறந்து சொல்வதில்லை.

அப்புறம் ஜிப்மர் மருத்துவமனை. காலையில் இருட்டோடு கோரிமேட்டுக்குப் போய் வரிசையில் நிற்பது, பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைப்பது, டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதி இரவு அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஸ்டோர்ஸில் சரக்கு இருப்பு எழுதிப் பழகிய கைக்கு இது எளிது. எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, எப்போது வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிரான்ஸில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளை வாரம் ஒருமுறை திறந்து கூட்டி, கரண்ட் பில், வீட்டு வரி கட்டுவதும் ஒரு வேலை. போலிப் பத்திரம் போட்டு அப்படிப்பட்ட வீடுகளை அபகரித்த வழக்குகள் இந்த ஊருக்குப் புதிதல்ல, அதனால் நம்பிக்கையான ஆள் என்றால் தேடி வருகிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஆண்களைப் பார்த்துக்கொள்ள ஆண் அட்டெண்டர் கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்கள் எத்தனையோ. இத்தனை வேலை இந்த ஊரில் கிடக்கிறது, ஒரு முகாமிலும் இதற்கு ஒரு மேஜை கிடையாது.

இந்த வேலைக்கு ஒரு விகிதமும் கிடையாது என்பதுதான் என் புகார். ஒரே தெருவில் ஒரு வீட்டில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வர 500 ரூபாய், அடுத்த வீட்டில் ஒரு டிபனும், "நீ நம்ம பையன் மாதிரி" என்ற வார்த்தையும். அந்த வார்த்தை வந்தால் அன்றைக்குப் பணம் குறையும். மகன்கள் ஜி.பே.யில் அனுப்புவார்கள், நல்லவர்கள்தான், ஆனால் மாதாமாதம் நாம்தான் நினைவூட்ட வேண்டும். அட்டெண்டர் அனுப்பும் ஒரு ஏஜென்சி வீட்டுக்காரரிடம் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த அக்காவுக்கு 600 தருகிறது. பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் அவர் இரவும் பகலும் அந்த வீட்டிலேயே இருக்கிறார். பாட்டி இரவில் எத்தனை முறை எழுகிறாரோ அத்தனை முறை இவரும் எழ வேண்டும். லீவு வேண்டும் என்றால் மாற்று ஆளை அவரே பிடித்துக் கொடுக்க வேண்டும். பாட்டியைத் தூக்கும்போது இவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று கேட்டதற்கு ஏஜென்சிக்காரர் போனை வைத்துவிட்டாராம்.

இது நடப்பது புதுச்சேரியில். 1936 ஜூலை 30-இல் மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் எல்லாக் கட்சிக்காரர்களும் மாலை போடுகிறார்கள். அதே ஊரில் "24 மணி நேர அட்டெண்டர் தேவை" என்று விளம்பரம் வருகிறது, ஒருவருக்கும் உறுத்துவதில்லை. உங்கள் வரி விளம்பரப் பகுதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. 2018-இல் மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள். அது முழுதாக நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, ஆனால் பேரம் பேசும்போது காட்ட ஒரு தாள் இருக்கிறது. புதுச்சேரித் தொழிலாளர் துறை முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கென்று தனியாக ஒரு விகிதம் போட வேண்டும். பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு, எட்டு மணி நேரத்துக்கு மேல் இவ்வளவு என்று. காவல் துறை சரிபார்த்த அடையாள அட்டை கொடுத்தால் வீட்டுக்காரருக்கும் பயம் இல்லை, நாங்களும் தலை நிமிர்ந்து கேட்டைத் திறக்கலாம். பயிற்சிக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று மத்திய அரசின் திறன் மேம்பாட்டில் ஏற்கெனவே ஒரு படிப்பு இருக்கிறது. அதில் நாற்பது வயது தாண்டியவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எண்பது வயதுக்காரரைத் தூக்கி உட்கார வைக்க இருபது வயதுப் பையனைவிட எங்களுக்குப் பொறுமை அதிகம்.

நடுவில் ஒன்று, வேலை போனவர்களுக்காக. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் வைத்தார்கள். வேலை இழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி தினக் கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் திட்டம், வாழ்நாளில் ஒரு முறை. முதலில் கால் பங்காக இருந்ததை 2020-இல் பாதியாக உயர்த்தினார்கள். என் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டியிருந்ததால் எனக்கு அது இல்லை. என்னோடு வெளியே வந்த மெஷின் ஆப்பரேட்டர்கள் பலர் வரம்புக்குள் இருந்தவர்கள், ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்போதைய விதிகளைக் கேட்டு வாங்கி ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் சேதராப்பட்டில் பத்துக் குடும்பமாவது உங்கள் பேப்பரை வாழ்த்தும். விபத்துக் காப்பீடு வேண்டும் என்பவர்கள் வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிப் பிரதமர் சுரக்ஷா திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். நான் சேர்ந்துவிட்டேன். அந்த அக்காவையும் சேர்த்துவிட்டேன்.

வேறு வேலை கிடைத்தால் போய்விடுவாயா என்று என் மனைவி கேட்கிறாள். தொழிற்பேட்டையில் மறுபடி ஆர்டர் வந்து கூப்பிட்டால் போவேன். பி.எஃப். உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. இந்த இரண்டும் இந்த வேலையிலும் இருந்தால் யோசிப்பேன்.

கடைசியாக வீட்டுக்காரப் பெரியவர்களுக்கும் வெளியூரில் இருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோடை வந்தால் அப்பாவையோ அம்மாவையோ இரண்டு மாதம் உங்களிடம் அழைத்துப் போகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் எங்களுக்கு அது கார் வந்து வாசலில் நிற்கும்போதுதான் தெரிகிறது. பத்து நாள் முன்னால் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதத்துக்குப் பாதிச் சம்பளம் தர முடிந்தால் தாருங்கள். முடியாவிட்டால் திரும்பி வரும் தேதியையாவது சொல்லிவிட்டுப் போங்கள், அதுவரைக்கும் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதலியார்பேட்டை வாசகர் ஒருவர்,
புதுச்சேரி.
(பெயரை வெளியிட வேண்டாம். நான் போகும் வீடுகளிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.)